தெருவும் குப்பையும் யார் அதிகாரத்தில்?

(அனகாபுத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை, குப்பை, வண்டி நிறுத்தும் இடம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி தோழர்கள் நம்மைப் பணித்திருக்கிறார்கள். நோட்டீஸைப் படித்த நண்பர் ஒருவர், "உலக விஷயம் பேசுகிறவர்கள் கடைசியில் குப்பைத் தொட்டிக்கு வந்துவிட்டீர்களே!" என்று சிரித்தார். சிரிக்கட்டும். 1923ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர், அடுத்த சில வருஷங்களில் சென்னை நகரசபையில் அங்கத்தினராகவும் அமர்ந்தார். அவருக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றாத வேலை நமக்கும் தோன்றவில்லை.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கே நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் கடல் கடந்து நைஜீரியாவுக்குப் போயிற்று. நெசவாளர் ஊர்களில் தெரு என்றால் வண்டி போகும் பாதை மட்டுமல்ல. விடியற்காலையில் பாவு விரிக்கும் இடமும் அதுதான். குழந்தை விளையாடுவதும், கீரைக்காரம்மாள் கூடையை இறக்குவதும், கிழவர் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காற்று வாங்குவதும் அங்கேதான். வசதி படைத்தவனுக்கு வீட்டுக்குள்ளேயே எல்லாம் உண்டு. தெருவில் அவனுக்கு வேண்டியது கார் போகும் வழி ஒன்றுதான். உழைப்பாளிக்கோ தெரு என்பது பாதி வீடு, பாதி தொழிற்கூடம். ஆகவே தெருவைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது சில்லறை விஷயமல்ல.

சட்டப்படி அது யாரிடம் இருக்கிறது? 1992ல் பார்லிமெண்டில் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74வது திருத்தம், அரசியல் சட்டத்தில் 12வது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. நகரங்களின் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரிய 18 வேலைகள் அதில் இருக்கின்றன. நாலாவது, சாலைகளும் பாலங்களும். ஆறாவது, சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவும். 17வது, தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றோடு வண்டி நிறுத்தும் இடம். இன்றைய நோட்டீஸில் உள்ள மூன்றும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டசபை "வழங்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் சந்தில்தான் 30 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நம் ஊரின் கதையையே பாருங்கள். 2011 அக்டோபரில் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை தமிழ்நாட்டின் நகரங்களில் தேர்தலே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தில்தான், 2021 நவம்பரில், தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயின. பத்து ஊர்கள் இணைந்தன. அன்றைக்கு அந்தப் பத்தில் ஒன்றிலாவது ஜனங்கள் வாக்களித்து அமர்த்திய மன்றம் இருந்ததா? ஒன்றிலும் இல்லை. கல்யாணம் நடந்துவிட்டது, பெண்ணையும் கேட்கவில்லை, பிள்ளையையும் கேட்கவில்லை.

இணைப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் நகராட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. பத்து ஊர்களுக்கும் சேர்த்து வடிகால் திட்டமிட்டால் நல்லதுதான். பெரிய ஸ்தாபனத்துக்குப் பணமும் இயந்திரமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 2011 ஜனக்கணக்கில் 48 ஆயிரம் பேர் வாழ்ந்த இந்த ஊருக்கு முன்பு தனியாக ஒரு மன்றம் இருந்தது. கோபம் வந்தால் நடந்தே போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் சேர்மன் இருந்தார். இப்போது பத்து ஊர்களுக்கும் சேர்த்து 70 வார்டுகள். அவற்றில் நம் பங்கைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஸ்தாபனம் பெரிதாகும்போது ஜனங்களின் பிடி தளராமல் இருக்க வேண்டுமானால், கீழே வேறொரு ஏற்பாடு வேண்டும். அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் சாலை. பல்லாவரம்–குன்றத்தூர் சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சேர்ந்தது. அதிலிருந்து பிரியும் தெரு மாநகராட்சிக்குச் சேர்ந்தது. தெருவின் அடியில் போகும் கம்பி மின்வாரியத்துக்குச் சேர்ந்தது. தெருக் கோடியில் ஓடும் அடையாறு நீர்வளத் துறைக்குச் சேர்ந்தது. பள்ளத்தில் விழும் மனிதன் ஒருவன்தான் யாருக்கும் சேராதவன். எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு துறை போட்ட சாலையை அடுத்த மாதமே இன்னொரு துறை தோண்டுகிறது என்றால், அது அறிவீனம் மட்டுமல்ல. தோண்டுவதற்கு ஒரு பில், மூடுவதற்கு ஒரு பில், மறுபடி போடுவதற்கு ஒரு பில். முட்டாள்தனத்தால் யாருக்கும் லாபம் இல்லையென்றால் அது இத்தனை காலம் நீடித்திருக்காது!

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இந்த ஊருக்கு உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதியையும் அதன் மறுநாளையும் இங்கே இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கனஅடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. ஆற்றை ஒட்டிய ஊர்களில் வீட்டுக்குள் கழுத்தளவு வெள்ளம். இப்படிப்பட்ட இடத்தில் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலையைப் போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் தெரு சில அங்குலம் ஏறும், வீடு அதே அளவு இறங்கும். மூன்று தடவை போட்டால் வாசற்படி மறைந்துவிடும். தெருவில் நிற்க வேண்டிய தண்ணீர் கூடத்துக்கு வரும். பணம் உள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுகிறார். ஒற்றை அறை வீட்டுக்காரர் வாசலில் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி, அணை கட்டுகிறார்.

இதைத் தடுக்க உத்தரவு இல்லையா? உண்டு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போடவேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள் தெளிவாகவே உத்தரவிட்டார். ஆனால் உத்தரவு கோட்டையில் இருக்கிறது, வேலை நடப்பதோ நடுநிசியில். சுரண்டும் இயந்திரம் வந்ததா, எத்தனை அங்குலம் எடுத்தார்கள், எத்தனை அங்குலம் போட்டார்கள் என்பதையெல்லாம் அருகில் நின்று பார்க்கக்கூடியவர் அந்தத் தெருக்காரர் ஒருவர்தான். ஒவ்வொரு வேலைக்கும் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எஞ்சினியர் அளந்து எழுதியதை வைத்தே காண்ட்ராக்டருக்குப் பணம் பட்டுவாடா ஆகிறது. 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி அதன் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். புத்தகத்தில் உள்ள கனத்தையும் தெருவில் உள்ள கனத்தையும் ஒத்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள்தான். அளவுகோல் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

அடுத்து குப்பை. இதைச் சற்று விரிவாகவே பேசவேண்டும். ஏனென்றால் இங்கே குப்பையின் கேள்வியோடு கூலியின் கேள்வியும் பின்னிக் கிடக்கிறது.

குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் விட்டால் ஊர் சுத்தமாகும் என்று 25 வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். சென்னையில் 2000ல் ஓனிக்ஸ் என்ற பெயரில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி வந்தது. 2007ல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. பிறகு ராம்கி. 2020ல் ஸ்பெயின் தேசத்துக் கம்பெனி கூட்டுச் சேர்ந்த உர்பேசர் சுமீத். கம்பெனிகள் மாறின, லாரிகளின் நிறம் மாறிற்று. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பை மலைகள் மாறாமல் வளர்ந்தன. 2022 ஏப்ரலில் பெருங்குடி மலை தீப்பற்றி எரிந்தபோது அந்தப் புகையைத் தென்சென்னை முழுதும் சுவாசித்தது.

ஏன் இப்படி? கணக்கு எளிதானது. கம்பெனிக்குக் குப்பையின் எடைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், எடை கூடக் கூட அதற்கு லாபம். வீட்டிலேயே தரம் பிரித்து, தெருவிலேயே உரமாக்கி, குப்பையைக் குறைத்தால் அதற்கு நஷ்டம். குப்பை குறையவேண்டும் என்பது ஊரின் தேவை, குப்பை பெருகவேண்டும் என்பது காண்ட்ராக்டரின் தேவை. 2016ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. நம் தாய்மார்கள் பிரித்தும் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுத்தது லாரியில் ஒன்றாகச் சேருவதைக் கண்டால் எத்தனை நாள் பிரிப்பார்கள்?

இனி அள்ளுகிறவரின் கதை. 2020ல் அரசாங்கம் அவர்களுக்குத் தூய்மைப் பணியாளர் என்று புதுப் பெயர் சூட்டியது. நல்லது, மரியாதையான பெயர்தான். ஆனால் 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை 152ஐப் பிறப்பித்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளுக்கு, அதாவது நம் தாம்பரத்துக்கும், அது பொருந்தும். நகராட்சிகளுக்கு அரசாணை 139 வந்தது. நிரந்தர ஊழியர் இடங்களைக் குறைத்துவிட்டு, துப்புரவு உள்பட அன்றாட வேலைகளை வெளியாரிடம் கொடுக்க வழி செய்தவை இவை. பெயர் உயர்ந்தது, வேலை பறிபோனது. உள்ளாட்சித் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்து 2017ல் வந்த அரசாணை 62ஐ அமல்படுத்துங்கள், 152ஐயும் 139ஐயும் ரத்து செய்யுங்கள் என்று நமது தொழிற்சங்கம் கோரிவந்ததற்குக் காரணம் இதுதான்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நாடே பார்த்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலை தனியார் வசம் போனதை எதிர்த்து, பல வருஷமாக அங்கே உழைத்த தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்டு 1 முதல் 13 நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையிலேயே கிடந்தார்கள். கொரோனா காலத்தில் கைதட்டி, பூத்தூவிப் பாராட்டப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டது பூ அல்ல. செய்துவந்த வேலை நிரந்தரமாக வேண்டும், கைக்கு வரும் கூலி குறையக்கூடாது என்றார்கள். 13ந் தேதி நடுநிசியில் போலீசார் அவர்களைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் காலை உணவு முதலான நலத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. உழைப்பவருக்குச் சோறு போடுவதை யார் குறை சொல்வார்கள்? ஆனால் நிரந்தர வேலை கேட்டவருக்கு இட்லி கொடுப்பது பதிலாகாது.

"வேறு வழி உண்டா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்பது நியாயம். உண்டு, அதுவும் வெகு தூரத்தில் இல்லை. பக்கத்துப் பம்மலிலேயே 1990களில் சில பெண்கள் கூடி, வீடு வீடாகக் குப்பை வாங்கி உரமாக்கிக் காட்டினார்கள். அது தன்னார்வ முயற்சி. ஒரு ஸ்தல ஸ்தாபனம் தன் கடமையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. ஆனாலும் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. கேரளத்தில் ஆலப்புழை நகரத்தின் குப்பை முழுவதும் சர்வோதயபுரம் என்ற கிராமத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. கிராமத்து ஜனங்கள் லாரியை மறித்தார்கள். 2012ல் நகரமே நாற ஆரம்பித்தது. அப்போது தோழர் தாமஸ் ஐசக் முன்கை எடுத்து, வீட்டில் குழாய் உரமும் சாண எரிவாயுபோன்ற சிறு கலமும், வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தெருக்கோடியில் காற்றோட்டமான உரத் தொட்டிகளும் என்று ஏற்பாடு செய்தார்கள். குப்பை லாரி ஏறவேண்டிய அவசியமே பெருமளவு குறைந்தது. 2017ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் பாராட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. அதே கேரளத்தில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச்சில் நாள் கணக்கில் எரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். நம்மவர் ஆட்சி என்பதற்காகக் குப்பை எரியாமல் இருந்துவிடாது. ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும் முறை இருக்கும் வரை, அது பிரம்மபுரமானாலும், தாம்பரத்துக் கன்னடபாளையமானாலும், அருகில் வசிக்கும் ஏழைதான் அந்த நாற்றத்தைச் சுமக்கிறான்.

வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. ஒரு கணக்கு மட்டும். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், அதாவது சுமார் 135 சதுர அடி வேண்டும். ஒரு கீரைக் கூடைக்குப் பத்துச் சதுர அடி போதும். தெருவில் இரவு பகலாக 135 சதுர அடியை இலவசமாக அனுபவிப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்று யாரும் சொல்வதில்லை. பத்துச் சதுர அடியில் நாலு மணி நேரம் உட்காருகிறவள்தான் ஆக்கிரமிப்பாளராம்! 2014ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆகவே எந்த மன்றமானாலும் "இங்கே வாகன நிறுத்தம், கட்டணம் இவ்வளவு, வசூல் குத்தகைக்கு" என்று தீர்மானம் போடுமுன், அந்தக் குழு கூடியதா என்ற கேள்வி எழுந்தாக வேண்டும். பல மாடிக் கடைகளோ, கட்டட அனுமதிப் படத்தில் கீழ்த்தளத்தைக் கார் நிறுத்துமிடம் என்று காட்டிவிட்டு, அதைச் சரக்குக் கிடங்காக்கி, தெருவைத் தங்கள் நிறுத்துமிடமாக்கிக் கொள்கின்றன. நடவடிக்கை அங்கே ஆரம்பமாகட்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். நாம் கொடுத்தோம், அதுதான் பணம். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடிசையொத்த வீட்டுக்குக்கூட 25 சதவீதம். அதற்கு மேல் போகப் போகச் சதவீதமும் ஏறிற்று. சொத்து வரியை உயர்த்திக்கொண்டே போனால்தான் நகரங்களுக்கு மானியம் என்று மத்திய அரசின் 15வது நிதிக்குழு போட்ட நிபந்தனையைக் காரணம் காட்டினார்கள். மத்தியில் உள்ளவர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள், மாநிலத்தில் உள்ளவர்கள் பையில் கைவிடுகிறார்கள் என்று அன்றே சொன்னோம். கூட்டணி வேறு, ஜனங்களின் வயிறு வேறு.

இப்போது முன்பு சொன்ன ஏற்பாட்டுக்கு வருவோம். 2022ல் தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் கூடும் சபை அது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடவேண்டும். 2022 நவம்பர் 1ந் தேதி அதன் முதல் கூட்டங்கள் நடந்தபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நம் பம்மலுக்கே வந்து 6வது வார்டு பகுதி சபையில் உட்கார்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்டார். நம் ஊருக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான்! அன்றைக்கு எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது.

அதில் குறை இல்லாமல் இல்லை. வார்டு கமிட்டிக்குப் போகும் பகுதிப் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, மன்றமே நியமிக்கும். பிரேஸில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் தொழிலாளர் கட்சியின் நிர்வாகத்தில் பேட்டை ஜனங்களே கூடி, எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எதற்குச் சாலை என்று வரிசைப்படுத்தினார்கள். நகரசபையின் பணம் அந்த வரிசைப்படி போயிற்று. கேரளத்தில் 1996ல் தொடங்கிய ஜனகீயத் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கீழே இறங்கியது. அவற்றோடு ஒப்பிட்டால் நம் பகுதி சபை பல் முளைக்காத குழந்தை. ஆனாலும் சட்டத்தில் இருக்கும் குழந்தை. நாம் போகாவிட்டால் நாற்காலிகள் மட்டும் கூடிக் கலையும். யாரோ ஒருவர் கையெழுத்து நோட்டை வீடு வீடாக எடுத்துப்போய்க் கூட்டம் நடந்ததாக எழுதிவிடுவார்.

அப்படிப்பட்ட சபைக்கு வெளியே, மேலிருந்து வரும் முடிவு எப்படி இருக்கும் என்பதை 2025 மே மாதத்தில் இதே ஊர் கண்டது. ஆற்றை மீட்கிறோம் என்று சொல்லிப் போலீஸ் காவலோடு இயந்திரங்கள் வந்து, அடையாற்றங்கரையில் பல்லாண்டு குடியிருந்தவர்களின் நூற்றுக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கின. கீரப்பாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் தைலாவரத்துக்கும் குடும்பங்களை ஏற்றி அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் ஊர் மாறிற்று. ஆறு வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தில் முதலில் மூழ்கியவர்களே அவர்கள்தான். எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அருகிலேயே இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

ஆகவே தோழர்களே, அடுத்த பகுதி சபைக்கு வெறுங்கையோடு போகவேண்டாம். உங்கள் தெருவுக்குக் கடைசியாகச் சாலை போட்ட வருஷம், காண்ட்ராக்டர் பெயர், வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரம், மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். வார்டுக்குள்ளேயே உரக்கூடம் வைக்கப் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று பெரியவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் குப்பை அள்ளும் அம்மாவையும் அழைத்துப் போங்கள். எந்த வீட்டில் எவ்வளவு குப்பை என்பதை எந்த எஞ்சினியரை விடவும் அவர் நன்றாகச் சொல்வார். கூலி எப்போது கைக்கு வருகிறது என்பதையும் அவர் வாயால் சபை கேட்கட்டும். சொல்வதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பத்து மணி வரைதான் அனுமதி, மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. பகுதி சபையை ஒழுங்காகக் கூட்டக் கோரும் மகஜர் மேடைக்கு இடதுபுறம் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைத்திண்டும் வைத்திருக்கிறோம். தெருப் பெயரையும் மறக்காமல் எழுதிவிட்டுப் போங்கள், தெருவாரியாகப் பிரித்துத்தான் கொடுக்கப் போகிறோம்.